பூஜ்யத்திற்குக் கீழே அளத்தல்

இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்திலே சித்திரை மாதத்து நண்பகலில் நின்று மேற்கே நோக்கினால், மலைத்தொடர் நீல நிறமாய்த் தோன்றும். காலின்கீழுள்ள மண்ணோ, செருப்பில்லாதவனை நிற்கவிடாது. இத்தகைய நிலத்திற் பிறந்து வளர்ந்தவர்களிற் பலர் உறைபனியைக் கண்ணாற் கண்டவரல்லர். ஆதலின், உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட உஷ்ணத்தை அளக்கும் மின்சுற்றொன்றை அமைக்கும் வகையைப்பற்றி நாம் எழுதப்புகுதலைக் கண்டு, 'இஃது உதகமண்டலத்தார்க்கன்றோ வேண்டுவது?' என்று நம் மாணாக்கருட் சிலர் நகைத்தல் கூடும். நகைக்குமுன், சோழபுரத்திலேயே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றைக் கேட்பாராக.

நம் பௌதிக வகுப்பிற் பயிலும் மாணவரொருவரின் தந்தையார் அவ்வூரில் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்கும் சிறுகடை வைத்திருக்கிறார். இரவில் மின்வெட்டு நேரும்போது பிரீசர்ப் பெட்டியினுள் உஷ்ணம் எவ்வளவு ஏறுகின்றது என்பதை அறிய அவர் விரும்பினார். ஐஸ்கிரீம் ஒருமுறை இளகி மீண்டும் உறையுமாயின் மணல்போல் நறநறவென்றாகி விலைபோகாது என்பது அத்தொழிலாளர் அனைவரும் அறிந்ததே. தந்தையின் குறையைத் தீர்க்கக் கருதிய மைந்தர், எல்.எம். 35 என்னும் உஷ்ண உணரி ஒன்றையும், ஆர்டுயினோப் பலகை ஒன்றையும், எண்காட்டும் சிறு திரை ஒன்றையும் வாங்கி, இரண்டு மாலைப்பொழுதில் ஒரு கருவியை இயற்றினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம், வெந்நீரில் நம் பாதரசக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இரண்டும் ஒத்திருந்தன. நாமும் மெச்சி அனுப்பினோம். அம்மெச்சுதலே பின்னர் நமக்கு நாணமாய் முடிந்தது.

பெட்டியினுள் வைத்த கருவி 0 என்று காட்டிற்று. அரைமணி நேரம் கழித்தும் 0, நள்ளிரவிலும் 0, இடையிடையே அரை டிகிரி ஏறி மீண்டும் 0. ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டி −18 டிகிரி செல்சியஸ் அளவில் இருத்தல்வேண்டும் என்று எங்கோ கேட்டறிந்திருந்த தந்தையார் திகைத்து, பழுதுபார்ப்பவரை அழைத்தார். அவர் வந்து, வாயு குறைந்துவிட்டதென்று சொல்லி, நிரப்பிக் கூலியும் பெற்றுச் சென்றார். அப்போதும் 0. இரண்டாமவர் வந்து கம்பிரஸரையே மாற்றவேண்டும் என்றார். இவ்வளவிற்கும் இடையில், பெட்டியினுள் இருந்த ஐஸ்கிரீம் கருங்கல்லைப்போல் உறைந்தே கிடந்தது! அதனை நம்புவார் ஒருவருமில்லை. திரையில் தோன்றிய எண்ணையே எல்லாரும் நம்பினர். கம்பிரஸருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள் அம்மாணவர் நம்மிடம் வந்தது நல்லூழே.

நிகழ்ந்தது யாதெனில், அவ்வுணரி ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் வீதம் மின்னழுத்தம் தருவது. 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட், 100 டிகிரியில் 1 வோல்ட், பூஜ்யத்தில் ஒன்றுமில்லை. இவ்வெளிமையே அதனைப் பள்ளிப்பிள்ளைகளும் கையாளும் பொருளாக்கிற்று. ஆயினும் −18 டிகிரியில் அது தரவேண்டியது −180 மில்லிவோல்ட் அன்றோ? சுற்றில் உள்ள மின்கலமோ பூஜ்யத்திலிருந்து 5 வோல்ட் வரைக்குமே அழுத்தம் அளிப்பது. பூஜ்யத்திற்குக் கீழே அச்சுற்றில் இடமே இல்லை. தரைமட்டத்தோடு கட்டப்பட்ட வீட்டில் ஒருவன் எத்துணை முயன்றாலும் தரைக்குக் கீழே இறங்கவியலாததுபோல, உணரியும் தரையிலே நின்றுவிடுகின்றது. உண்மையில் தனி மின்கலத்தோடு நேரே இணைத்தால் 2 டிகிரிக்குக் கீழ் அதன் சொல் நம்பத்தக்கதன்று என்று அதனைச் செய்தோரே தம் குறிப்பேட்டில் அச்சிட்டிருக்கின்றனர். அதனை நாம் படித்திருந்தோம், படித்ததை நினைத்தோமில்லை. ஆர்டுயினோவின் அளக்கும் வாயும் பூஜ்யத்திற்குக் கீழ்ப்பட்ட அழுத்தத்தை அறியாது. அத்தகைய அழுத்தத்தை மிகுதியாகச் செலுத்தினால் அதற்கே கேடு.

இதிலுள்ள தீங்கு இன்னது என்பதைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். கருவி கெட்டுப்போயிருப்பின் திரை இருண்டிருக்கும், நாமும் ஐயுற்றிருப்போம். இங்கோ கருவி கெடவில்லை. 'எனக்கு இதற்குமேல் தெரியாது' என்று சொல்லவேண்டிய இடத்தில், தெரிந்ததுபோல் ஓர் எண்ணைச் சொல்லிற்று. அவ்வெண்ணும் குளிர்ப்பெட்டிக்குப் பொருந்தாத எண் அன்று. ஐஸ்கிரீம் கடையில் இதனால் நேர்ந்தது பணநஷ்டமே. தடுப்பூசி மருந்துகளைச் சேமிக்கும் பெட்டியில் இதே தவறு நேருமாயின் வேறு விளைவுண்டாம். மஞ்சட்காமாலைக்குரிய பி-வகைத் தடுப்பூசி, இரணஜன்னித் தடுப்பூசி முதலியன 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கப்படவேண்டியவை. அவை உறைந்துவிட்டால், மருந்தோடு சேர்ந்துள்ள அலுமினிய உப்பு திரண்டு, மருந்து பயனற்றுப்போம். மாறாக, வாய்வழியாகக் கொடுக்கும் போலியோச் சொட்டுமருந்து நெடுநாட் சேமிப்பில் −15 முதல் −25 வரையில் உறைந்தே இருத்தல் வேண்டும். முன்னதற்கு −5 என்பது நாசம். பின்னதற்கு −5 என்பது போதாக் குளிர். இரண்டையும் ஒருங்கே 0 என்று காட்டும் கருவியை யார் கையில் கொடுப்பது?

பூஜ்யத்தை எங்கே நாட்டுவது என்னும் இவ்வினா புதியதன்று. பாரன்ஹீட் என்பார் 1724-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகிய மூன்றும் கலந்த கலவையின் குளிர்நிலையைப் பூஜ்யமாக வகுத்தார். நீர் உறையும் நிலை அவரது அளவையில் 32 ஆயிற்று. எனவே நீரின் உறைநிலைக்குச் சற்றுக் கீழான குளிரையும் கழித்தற்குறி இன்றியே எழுதலாயிற்று. செல்சியஸ் 1742-இல் வகுத்த அளவையோ இன்னும் விந்தையானது. அவர் நீர் கொதிக்கும் நிலையைப் பூஜ்யமென்றும் உறையும் நிலையை 100 என்றும் கொண்டார். குளிர் மிக மிக எண் ஏறும். ஸ்வீடன் தேசத்துக் குளிர்காலத்தில் வாழ்ந்தவர்க்கு அது வசதியாகவே இருந்திருக்கும். பிற்பாடு அதனைத் தலைகீழாகத் திருப்பினர். திருப்பியதன் பயனாக வந்த கழித்தற்குறியே இன்று சோழபுரத்துக் கடைக்காரரைத் திகைக்கவைத்தது என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

இனிப் பரிகாரம். தரைக்குக் கீழே இறங்கவேண்டின் நிலவறை தோண்டவேண்டும்; அன்றேல் வீட்டையே உயர்த்தி ஒரு திண்ணையின்மேல் கட்டவேண்டும். நிலவறை தோண்டுதலாவது, பூஜ்யத்திற்குக் கீழே அழுத்தம் தரும் இரண்டாம் மின்கலம் ஒன்றைச் சேர்த்து, உணரியின் வெளிவாயை ஒரு ரெஸிஸ்டரால் அதனோடு பிணைத்தல். முறை நன்றே, எனினும் இரண்டு மின்கலங்களைப் பேணுவது தொல்லை, ஆர்டுயினோவுக்கு அவ்வழுத்தம் ஒவ்வாமையும் முன்னரே கூறினோம். ஆகவே திண்ணை கட்டுவதையே நாம் மேற்கொண்டோம்.

இரண்டு சிறு டையோடுகள் வேண்டும். ரேடியோக் கடைகளில் 1என்4148 என்று கேட்டால் கிடைக்கும். உணரியின் தட்டையான முகத்தை நம்மை நோக்கி வைத்து, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடக்கால் 5 வோல்ட்டிற்கும், நடுக்கால் வெளிவாய்க்கும், வலக்கால் தரைக்கும் உரியன. அவ்வலக்காலை நேரே தரையோடு இணையாமல், இரண்டு டையோடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அவற்றின் வழியே இணைக்கவேண்டும். டையோடுகளின் கோடிட்ட முனை தரையை நோக்கியிருக்கட்டும். உணரி உண்ணும் மிகச் சிறிய மின்னோட்டம் டையோடுகளினூடே செல்லும்போது ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அரை வோல்ட் நிற்கும். ஆகவே உணரி, தரையிலிருந்து சுமார் ஒரு வோல்ட் உயரத்துத் திண்ணையின்மேல் ஏறி நின்றதாகின்றது. இனி வெளிவாய்க்கும் உண்மைத் தரைக்கும் இடையே 18 கிலோ-ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை இணைக்கவும். இதனை விட்டுவிட்டால் திண்ணை கட்டியும் பயனில்லை. ஏனெனில், இவ்வுணரி மின்னோட்டத்தை வெளியே தள்ளவல்லதேயன்றி உள்ளே இழுக்கவல்லதன்று. வெளிவாயைத் திண்ணைக்குக் கீழே இறக்குவதற்குப் புறத்திலிருந்து ஒருவன் பிடித்து இழுக்கவேண்டும். அவ்விழுப்பவனே அந்த ரெஸிஸ்டர்.

அளப்பது எவ்வாறு? திண்ணையின் உயரத்தை ஒரு வாயிலும், உணரியின் வெளிவாயை மற்றொரு வாயிலும் ஆர்டுயினோ படிக்கட்டும். பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்கவேண்டும். திண்ணை 1.04 வோல்ட், வெளிவாய் 0.87 வோல்ட் எனின், வேறுபாடு −0.17 வோல்ட், அஃதாவது −17 டிகிரி. ஆர்டுயினோவுக்கு எப்போதும் நேரிய அழுத்தமே செல்லுகின்றமையால் அதற்கும் இடையூறில்லை. பலகையின் அளவு 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுப்பதாகலின் ஒரு படி ஏறக்குறைய அரை டிகிரி. பதினாறு முறை படித்துச் சராசரி எடுத்தால் எண் துள்ளாது நிற்கும்.

இவ்விடத்தில் நாம் செய்த இரண்டாம் பிழையையும் மறையாது உரைத்தல் கடனாகும். திண்ணையின் உயரம் மாறாதென்று கருதி, காலையில் ஒருமுறை அளந்து, 1.04 என்னும் எண்ணை நிரலில் நிலையாக எழுதிவைத்தோம். ஒரு வாய் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்தோம். பிற்பகலில் அதே கலவை நான்கு டிகிரி அதிகக் குளிர்ந்துவிட்டதாகக் கருவி காட்டிற்று! டையோடுகளும் ஒருவகை உஷ்ண உணரிகளே என்பதை மறந்ததன் பயன் இது. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஒரு டையோடில் நிற்கும் அழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். இரண்டிலும் சேர்ந்து 4. காலையில் 27 டிகிரியாயிருந்த ஆய்வுகூடம் பிற்பகலில் 37 ஆயிற்று. திண்ணை 40 மில்லிவோல்ட் தாழ்ந்தது. அதுவே நான்கு டிகிரிப் பொய்யாயிற்று. குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறைகள் நம்மூரில் வழுவுவதற்கு இத்தகைய காரணங்களே பெரும்பாலும் உள. திண்ணையை ஒவ்வொரு முறையும் அளந்தே கழிக்கவேண்டும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எல்.எம். 35 என்னும் பெயரின் பின்வரும் எழுத்து வெறும் அலங்காரம் அன்று. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'டி' வகை 0 முதல் 100 டிகிரிக்கே உறுதியளிக்கப்பட்டது. 'சி' வகை −40 முதல் 110 வரை. எழுத்தில்லாத முதல்வகை −55 முதல் 150 வரை. நம் மாணவர் வாங்கியிருந்தது 'டி'. சுற்றைத் திருத்தியும் உணரியை மாற்றாதிருப்பின், அரைக்கிணறு தாண்டிய கதையாகவே முடிந்திருக்கும்.

சுற்று முடிந்தபின் அதனைச் சோதிக்கக் குளிர் வேண்டுமே! பனிக்கட்டி கிடைப்பது முற்காலத்தில் அரிது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டிடம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் காப்பதற்காக 1842-இல் எழுப்பப்பட்டதே. இன்று அது கடைத்தெருவில் மூட்டையாகக் கிடைக்கின்றது. ஆனால் பனிக்கட்டி என்றாலே பூஜ்யம் என்று கருதிவிடலாகாது. பிரீசரிலிருந்து அப்போதே எடுத்த கட்டி தானும் −18 டிகிரியில் இருக்கும். அதன்மேல் உணரியை வைத்துப் பூஜ்யத்தைத் திருத்த முயன்ற மாணவரொருவரை நாம் தடுத்தாட்கொண்டோம். நல்ல நீரில் உறைந்த கட்டியைப் பொடித்து, அதன் இடைவெளி நிரம்பும் அளவு தூய நீர் ஊற்றி, நன்கு கலக்கிச் சில நிமிஷம் விடவேண்டும். நீரும் பனியும் ஒருங்கே நிற்கும் அந்நிலையே பூஜ்யம்.

அதற்கும் கீழே செல்லக் கல்லுப்பே போதும். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் உப்பு நம் அடுக்களை தோறும் இருக்கின்றதன்றோ? மூன்று பங்கு பொடித்த பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு நிறுத்துச் சேர்த்துக் கலக்கினால், பனி உருகும். உருகுதற்கு வேண்டிய உஷ்ணத்தைக் கலவையிலிருந்தே கவர்ந்துகொள்ளும். உப்புநீரோ எளிதில் உறையாது. ஆகவே கலவை குளிர்ந்துகொண்டே இறங்கும். பனியும் கரையாத உப்பும் உப்புநீரும் ஒருங்கிருந்தால் அது இறங்கக்கூடிய எல்லை −21.1 டிகிரி. சாதாரணப் பாத்திரத்தில் −15 முதல் −18 வரை இறங்கினாலே போதும் என்க. கம்பளியைச் சுற்றி, இடைவிடாது கலக்கினால் எல்லையை நெருங்கலாம். மே மாதத்து ஆய்வுகூடத்தில், பாத்திரத்தின் புறத்தே வெண்பனி படர்வதைக் கண்ட மாணாக்கர் அடைந்த வியப்பு, மின்சுற்றைக் கண்டு அடைந்ததினும் பெரிது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். உணரியின் கால்களில் உப்புநீர் படாதவாறு சுருங்குகுழாய் இட்டு மெழுகால் அடைத்தல் வேண்டும். ஈரம் புகுந்தால் மின்னோட்டம் கசிந்து எண் தாறுமாறாகும்.

திண்ணையோடு கட்டிய வீடுகள் விலைக்குக் கிடைக்குமே, நாமே கட்டுவானேன் என்பார்க்கும் விடையுண்டு. டி.எம்.பி. 36 என்னும் உணரி பூஜ்ய டிகிரியிலேயே 500 மில்லிவோல்ட் தருவது. −18-இல் 320 தரும். −40 வரை ஒரே மின்கலத்தால் இயங்கும். டையோடும் வேண்டா, இரண்டாம் வாயும் வேண்டா. அதனினும் கடைக்கு ஏற்றது டி.எஸ். 18பி20 என்பது. எஃகுக் குழாயினுள் அடைத்து, நீண்ட கம்பியோடு விற்கப்படும் இவ்வுணரி, தான் அளந்ததை மின்னழுத்தமாக அன்றி எண்ணாகவே அனுப்பும். −55 முதல் 125 வரை அளக்கும். அதன் கம்பிக்கும் மின்கலத்திற்கும் இடையே 4.7 கிலோ-ஓம் ரெஸிஸ்டர் ஒன்று இருந்தால் போதும். குழாயில்லாத வகையை வாங்குவோர், அதன் இடக்கால் தரைக்கும் வலக்கால் மின்கலத்திற்கும் உரியன என்பதை மறவற்க, எல்.எம். 35-இன் பழக்கத்தில் மாற்றி இணைத்தால் உணரி விரலைச் சுடும்.

எண்ணாக அனுப்பினாலும் பூஜ்யத்திற்குக் கீழே ஒரு பொறி அங்கும் காத்திருக்கின்றது. டிகிரியைப் பதினாறு கூறாக்கி அது சொல்லும். −18 டிகிரி என்பது −288 கூறு. கழித்தற்குறியை எழுத இடமின்மையால் 65,536-இலிருந்து கழித்து, 65,248 என்று அனுப்பும். குறியுள்ள எண்ணாக அதனைப் படிக்க நிரலில் எழுதாவிடின், பிரீசர்ப் பெட்டியின் உஷ்ணம் 4,078 டிகிரி என்று திரை காட்டும்! நூலகமாகக் கிடைக்கும் ஆயத்த நிரலைப் பயன்படுத்தினால் இத்தொல்லையில்லை. நம் மாணவர் கற்கும் பொருட்டுத் தாமே எழுதினார். 4,078-ஐக் கண்டு வகுப்பே நகைத்தது. நகைத்ததே நன்று. நம்பவொண்ணாத எண் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். வழக்கிலுள்ள நூலக நிரல் ஒன்று, கம்பி அறுந்தால் −127 என்று காட்டுமாறு அமைந்திருப்பதும் இக்கருத்துப்பற்றியே. நம் திண்ணைச் சுற்றின் நிரலிலும் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கின்றோம்: வெளிவாயின் அழுத்தம் உணரி அளக்கவல்ல எல்லையைக் கடந்தால், எண்ணைக் காட்டாது 'அளவுக்கு அப்பால்' என்று திரை காட்டும். முதற்கருவியில் இவ்வொரு வரி இருந்திருப்பின், பழுதுபார்ப்பவர் கூலி மிஞ்சியிருக்கும்.

திண்ணைச் சுற்று நம் ஆய்வுகூட மேசைமேல், அடுத்த ஆண்டு மாணாக்கர் பிரித்துப் பூட்டிக் கற்பதற்காக இருக்கின்றது. சோழபுரத்துக் கடையில் எஃகுக்குழாய் உணரியைப் பொருத்தினோம். பெட்டியின் காற்றில் அதனைத் தொங்கவிட்டால், கதவைத் திறக்குந்தோறும் எண் எகிறி ஏறும். ஐஸ்கிரீமோ அவ்வளவு விரைவில் இளகுவதில்லை. ஆகவே மருந்துக்கடைக் கிளிசரினையும் நீரையும் சம அளவாகக் கலந்து, சிறு குப்பியில் ஊற்றி, அதனுள் குழாயை அமிழ்த்தினோம். அக்கலவை −18-இல் உறையாது. பண்டத்தைப்போலவே மெல்லக் குளிர்ந்து மெல்லச் சூடேறும்.

முதல்நாள் இரவு திரை −19 என்று காட்டிற்று. கம்பிரஸர் குற்றமற்றது. தந்தையார் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் நோக்கி, துணியால் திரையை ஒருமுறை துடைத்து, மீண்டும் நோக்கி, "எண்ணுக்கு முன்னாலே இருக்கிற இந்தக் கோடு என்னப்பா, கீறலா?" என்று வினவினார். மைந்தர் கடைக்கணக்கு நோட்டை எடுத்து, வரவுக்கும் பற்றுக்கும் இடையே கோடிட்டு, விளக்கத் தொடங்கினார். மறுவாரம் இரண்டுமணி நேர மின்வெட்டு நேர்ந்தபோது, அரைமணிக்கு ஒருமுறை அவரே எண்களைக் குறித்துவைத்து நமக்கு அனுப்பினார். ஒவ்வோர் எண்ணின் முன்னும் அக்கோடு தவறாது இடப்பட்டிருந்தது.